ஏர் கிளீனர் மாட்டிய பிறகும் மேசையில் தூள் படிகிறதே?

புதுத்தச்சன்:

வணக்கம். வீட்டை ஒட்டிய ஒரு அறையைத் தச்சுப் பட்டறையாக்கி வைத்திருக்கிறேன். நீளம் 20 அடி, அகலம் 14 அடி, உயரம் 9 அடி. டேபிள் சா ஒன்று, பேண்ட் சா ஒன்று, ரூட்டர், கையில் பிடித்துத் தேய்க்கும் சாண்டர். டேபிள் சாவுக்கு 4 அங்குலக் குழாயோடு தூள் உறிஞ்சி இருக்கிறது. சாண்டருக்கு அதன் பின்னால் தொங்கும் சின்னத் துணிப்பை மட்டும்தான்.

ஒரு நாள் இரவு, வேலை முடிந்து ஒரு மணி நேரம் கழித்து எதையோ எடுக்க உள்ளே போனேன். விளக்கைப் போடாமல் டார்ச் அடித்தேன். அந்த வெளிச்சக் கோட்டுக்குள் தூள் அப்படியே நின்றுகொண்டிருந்தது. கீழே விழவும் இல்லை, எங்கும் போகவும் இல்லை. மாலை முழுக்க இதைத்தானே மூச்சில் இழுத்தோம் என்று நினைத்ததும் பயம் வந்துவிட்டது.

மறுவாரமே கூரையில் தொங்கவிடும் ஏர் கிளீனர் வாங்கினேன். மூன்று வேகம். நிமிடத்துக்கு 300, 400, 550 கன அடி என்று பெட்டியில் போட்டிருக்கிறது. தூள் கிளம்பும் இடம் டேபிள் சாதானே என்று, அதற்கு நேர் மேலே இருக்கும் மூலையில் மாட்டினேன். இரண்டு வாரம் ஆகிறது. காலையில் மேசையை விரலால் தடவினால் முன்பு போலவே கோடு விழுகிறது. இயந்திரம் போதவில்லையா, இடம் தப்பா?

இழைப்புளி:

இயந்திரம் போதும். இடம்தான் தப்பு. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும், நீங்கள் பார்க்கும் அடையாளமே தப்பு.

மேசையில் படிவது கனமான தூள். ரம்பத்திலிருந்து கிளம்பிய சில நொடிகளிலோ நிமிடங்களிலோ கீழே வந்துவிடும். ஏர் கிளீனர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதைப் பிடிக்க முடியாது, இயந்திரத்தின் வாய்க்குப் போய்ச் சேருவதற்குள் அது மேசைக்கு வந்திருக்கும். ஏர் கிளீனரின் வேலை படியாத தூளைப் பிடிப்பது. டார்ச் வெளிச்சத்தில் நின்றதே, அதை.

10 மைக்ரான் துகள் அசையாத காற்றில் நம் மூக்கு உயரத்திலிருந்து தரைக்கு வரப் பத்து நிமிடம் போல ஆகும். 1 மைக்ரான் துகளுக்கு அரை நாளுக்கு மேல். அளவு பத்தில் ஒன்றானால் விழும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பொடி என்று தெரியும். மூக்கிலும் தொண்டையிலும் நிற்காமல் நுரையீரலின் அடிவரை போவதும் இதுவேதான்.

கணக்குக்கு வருவோம். உங்கள் அறை 20 × 14 × 9, அதாவது 2,520 கன அடி. வேலை நடக்கும்போது அறைக் காற்று மணிக்கு 6 முதல் 10 முறை வடிகட்டி வழியாகப் போக வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 8 முறை என்று வைத்தால் நிமிடத்துக்கு 336 கன அடி. பெட்டியில் போட்டிருக்கும் 550 பெரும்பாலும் வடிகட்டி இல்லாமல் அளந்ததாக இருக்கும். மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள், 367 வரும். போதும். ஆனால் எப்போதும் மூன்றாவது வேகத்தில் ஓடட்டும். சத்தம் குறைவாக இருக்கிறது என்று முதல் வேகத்தில் விட்டால் கணக்கு உதைக்கும்.

இடத்தைப் பற்றி. மூலையில் மாட்டினால் இயந்திரம் தான் ஊதிய காற்றையே திரும்ப இழுத்துக்கொள்ளும். அந்த மூலை மட்டும் சுத்தமாகும், மீதி அறை அப்படியே கிடக்கும். நீளச் சுவரை ஒட்டி, சுவரிலிருந்து அரை அடிக்குள் மாட்டுங்கள். குட்டைச் சுவரிலிருந்து நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, உங்களுக்கு ஆறரை ஏழு அடி, தள்ளி. ஊதும் பக்கம் மீதமிருக்கும் நீளமான பகுதியைப் பார்க்க வேண்டும். அப்போது காற்று அந்தச் சுவரோடு ஓடி, கடைசியில் திரும்பி, எதிர்ச் சுவரோடு வந்து இழுக்கும் பக்கம் சேரும். செக்கு மாடு சுற்றுகிற மாதிரி அறைக் காற்று முழுவதும் சுற்ற வேண்டும்.

இன்னொன்று. ரம்பத்துக்கு நேர் மேலே இழுக்கும் வாய் இருந்தால், ரம்பத்தில் கிளம்பிய தூள் மேலே போகிற வழியில் உங்கள் முகம்தான் நிற்கிறது.

உளியும்கையும்:

தம்பி, நான் 30 வருடத்துக்கு மேல் மரவேலை செய்தவன். முதல் 20 வருடம் மூக்கை மூடியதே இல்லை. காலையில் எழுந்தால் தொண்டையைச் செருமிச் செருமித்தான் பேச்சே வரும். அதைத் தொழிலோடு வந்தது என்று விட்டுவிட்டேன். மூக்கு ஒரு பக்கம் நிரந்தரமாக அடைத்த பிறகுதான் மருத்துவரிடம் போனேன். நல்ல வேளை, பெரிய வியாதி இல்லை. ஆனால் அவர் சொன்ன ஒரு விஷயம் இன்றைக்கும் மனதில் நிற்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் வகையில் சேர்த்துவிட்டது. மூக்கின் உட்பகுதியிலும் அதைச் சுற்றியிருக்கும் எலும்புக் குழிகளிலும் வருகிற புற்று. ஓக், பீச் மாதிரிக் கடின மரங்களில் நாள்தோறும் வேலை செய்தவர்களிடம்தான் அது முதலில் தெரிய வந்தது. தேக்கும் ஈட்டியும் வேறு விதம். சிலருக்குத் தோல் தடிக்கும், கண் எரியும், மூச்சு இழுக்கும்.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. ஏர் கிளீனர் வாங்கியாயிற்று, இனி கவலை இல்லை என்று யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். தூள் காற்றில் கலந்த பிறகுதான் ஏர் கிளீனர் வேலையைத் தொடங்குகிறது. அதற்குள் உங்கள் மூக்குக்குப் போக வேண்டியது போயிருக்கும். கிளம்பும் இடத்திலேயே பிடிப்பதுதான் முதல் வேலை.

உங்கள் பட்டறையில் முதலில் கவனிக்க வேண்டியது சாண்டர். அந்தத் துணிப்பையை இன்றைக்கே கழற்றுங்கள். பட்டறை வேக்குவத்தின் குழாயை அந்த வாயில் மாட்டுங்கள். வேக்குவத்துக்குள்ளும் நுண்தூள் பிடிக்கும் வடிகட்டியும் காகிதப் பையும் இருக்க வேண்டும், இல்லையென்றால் முன்னால் இழுத்ததைப் பின்னால் ஊதிவிடும். அப்புறம் உப்புத்தாளைத் திருப்பிப் பாருங்கள். என் சாண்டரின் தகட்டில் எட்டு ஓட்டை. நான் மொத்தமாக வாங்கி வைத்திருந்த வட்டத் தாள்களில் ஐந்து ஓட்டை. ஒட்டினால் ஒட்டிக்கொள்ளும், தேய்க்கவும் தேய்க்கும், ஆனால் பாதி ஓட்டைகள் அடைத்துக்கொண்டு தூள் முழுக்க ஓரம் வழியாக வெளியே வரும். ஒரு வருடம் இப்படி ஓட்டினேன். எட்டு ஓட்டைத் தாள் வாங்கி, ஓட்டைக்கு ஓட்டை பொருத்தி ஒட்டிய அன்றைக்குத்தான் பலகையின் மேல் தூளே நிற்காமல் தேய்க்க முடியும் என்று கண்டேன்.

வட்டரம்பம்:

இவ்வளவு கணக்கு எதற்கு? சுவரில் ஒரு பெரிய எக்சாஸ்ட் ஃபேன் வைத்து எதிர்ப்பக்கச் சன்னலைத் திறந்துவிட்டால் போதாதா? தூள் வெளியே போய்விடும். வடிகட்டி மாற்றும் வேலையே இல்லை. நான் ஆறு வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இழைப்புளி:

நண்பரே, சன்னல் திறக்க முடிகிற நாளில் நீங்கள் சொல்வதுதான் சிறந்த வழி, மறுக்கவில்லை. வடிகட்டி எதையாவது விட்டுவிடும், வெளியே போன காற்று திரும்பி வராது. ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

மழையிலோ குளிரிலோ சன்னலைச் சாத்திவிட்டால் ஃபேன் சுற்றும், காற்று போகாது. உள்ளே வர வழியில்லாத காற்று வெளியேயும் போகாது. ஈரக் காற்று உள்ளே வந்தால் பலகையும் உப்பும். இரண்டாவது, வெளியே போகும் தூள் யார் வீட்டுச் சன்னலுக்குப் போகிறது என்பது. மூன்றாவதுதான் முக்கியம். பட்டறை வீட்டை ஒட்டி இருக்கிறது என்கிறார். சன்னல் போதாமல் ஃபேன் இழுத்தால், வீட்டுக்குள்ளிருந்து கதவிடுக்கு வழியாகக் காற்று வரும். வீட்டில் எரிவாயுவில் ஓடும் வெந்நீர்க் கருவி புகைக்குழாயோடு இருந்தால், மேலே போக வேண்டிய புகை கீழே இறங்கி வீட்டுக்குள் வந்துவிடலாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. அப்படிப்பட்ட கருவி இருக்கிற வீட்டில் யோசிக்காமல் பெரிய எக்சாஸ்ட் வைக்காதீர்கள்.

புதுத்தச்சன்:

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னதும் என் சாண்டரைக் கவிழ்த்துப் பார்த்தேன். எனக்கும் ஐந்து, எட்டு குழப்பம்தான்! நாளைக்கே தாள் மாற்றுகிறேன்.

இடம் மாற்றுவதற்கு முன் ஒரு வேலை செய்தேன். நண்பர் ஒருவரிடம் பி.எம். 2.5, அதாவது காற்றில் 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் இருக்கும் நுண்தூளின் அளவு, காட்டும் சின்ன மீட்டர் இருந்தது, வாங்கி வந்தேன். எம்.டி.எஃப். (மர இழைகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) துண்டு ஒன்றை, துணிப்பையோடேயே, பத்து நிமிடம் தேய்த்தேன், முகக்கவசம் போட்டுக்கொண்டுதான். மீட்டர் 480 வரை ஏறியது. ஏர் கிளீனர் ஓடாமல் அரை மணி நேரம் விட்டால் 330. மூலையில் இருந்தபடி மூன்றாவது வேகத்தில் ஓடினால் அரை மணியில் 150. கொஞ்சம் வேலை செய்கிறது, ஆனால் இழைப்புளி அண்ணன் கணக்குப்படி இதைவிட நிறைய இறங்க வேண்டும் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை கழற்றி மாட்டப் போகிறேன். கூரை கான்கிரீட் தளம். ஏற்கெனவே பிளாஸ்டிக் பிளக் வைத்து ஸ்க்ரூ போட்டுத்தான் தொங்கவிட்டிருக்கிறேன். அதே மாதிரி போடலாமா?

மின்கம்பி:

போடக் கூடாது. முடிந்தால் இப்போதே அதற்குக் கீழே ஒரு மேசையை இழுத்துப் போடுங்கள், யாரும் கீழே நிற்க வேண்டாம்.

சுவரில் படம் மாட்டப் பிளாஸ்டிக் பிளக் சரி. இது 20 கிலோவுக்கு மேல் இருக்கும், நாள் முழுக்க அதிரும், தலைக்கு மேல் தொங்கும். அதிர அதிரப் பிளக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். நழுவுவது கண்ணுக்குத் தெரியாது, ஒரு நாள் மொத்தமாக வரும். தளத்துக்கு இரும்பு ஆங்கர் போல்ட் நான்கு போடுங்கள், முனையில் வளையம் உள்ளதாக. ஓட்டை போடும் முன் அந்த இடத்தில் மின்குழாய் ஓடுகிறதா என்று பாருங்கள், கூரை விளக்கிலிருந்து சுவிட்ச் பெட்டி வரை நேர்கோடு போட்டால் அநேகமாகத் தெரிந்துவிடும். துளைத்த பிறகு ஓட்டைக்குள் இருக்கும் சிமெண்ட் தூளைச் சுத்தமாக எடுங்கள். நிறைய பேர் இதை விட்டுவிடுகிறார்கள். தூள் உள்ளே இருந்தால் போல்ட் விரிந்து பிடிப்பது கான்கிரீட்டை அல்ல, அந்தத் தூளைத்தான்.

வளையத்திலிருந்து நான்கு சங்கிலி, நேர் கீழாக. சாய்வாக இழுத்துக் கட்ட வேண்டாம். சங்கிலிக்கும் பெட்டிக்கும் நடுவில் ரப்பர் வாஷர் வைத்தால் அதிர்வும் இரைச்சலும் தளத்துக்குள் ஏறாது. இதெல்லாம் போக, தனியாக ஐந்தாவது ஆங்கர் ஒன்று போட்டு, அதிலிருந்து பெட்டிக்கு ஒரு கம்பிக் கயிற்றைக் கொஞ்சம் தளர்வாகக் கட்டுங்கள். நான்கும் கைவிட்டால் அது தாங்கும்.

பெட்டியின் அடிப்பகுதி தரையிலிருந்து ஏழு அடிக்குக் கீழே வர வேண்டாம். எட்டடிப் பலகையை நிமிர்த்தித் திருப்புகிற இடத்துக்கு நேர் மேலேயும் வேண்டாம். மின்சாரம் ரம்பம் ஓடுகிற அதே லைனிலிருந்து எடுக்காதீர்கள், ரம்பம் கிளம்பும்போது இழுக்கிற இழுப்பில் இரண்டும் சேர்ந்து அணையும். எர்த் இல்லாத பிளக்கில் சொருகவே வேண்டாம். நீட்டிப்பு ஒயரைக் கூரையோடு தொங்கவிடாமல் நிரந்தரமாக ஒரு சாக்கெட் போட்டுவிடுங்கள்.

மாட்டும்போது இருவர் வேண்டும். ஒருவர் தூக்கிப் பிடிக்க, ஒருவர் கொக்கி மாட்ட.

தேக்குப்பலகை:

கடையில் விற்கும் பெட்டி எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. அவர்களுக்காக இது. 2020-இல் கொரோனா சமயத்தில் ரிச்சர்ட் கார்சி, ஜிம் ரோசந்தால் என்ற இருவர் யோசனையில் ஒரு பெட்டி வந்தது. சதுர மின்விசிறி ஒன்று, 20 அங்குலச் சதுர வடிகட்டிகள் நான்கு. வடிகட்டிகளை நான்கு சுவர்களாக நிறுத்தி, அடியில் அட்டை, மேலே விசிறி, காற்று மேல்நோக்கிப் போகும்படி. இடுக்கெல்லாம் அகலமான டேப். அவ்வளவுதான்.

என் பட்டறையில் இரண்டு வருடமாக இதுதான் ஓடுகிறது. வடிகட்டி மெர்வ் 13 தரம். 1 முதல் 3 மைக்ரான் வரையிலான துகளில் 85 சதவீதமாவது பிடித்தால்தான் அந்தத் தரம் கொடுப்பார்கள். இதைவிட நுணுக்கமாகப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம். ஒரே காற்று மணிக்கு எட்டு முறை சுற்றி வருகிற இடத்தில், ஒரு தடவையில் எவ்வளவு பிடிக்கிறது என்பதைவிட எவ்வளவு காற்று போகிறது என்பதுதான் பெரிது. ஒரே வடிகட்டியை விசிறி முதுகில் கட்டினால் விசிறி திணறும். நான்கு வைத்தால் பரப்பு நான்கு மடங்கு, காற்று மெதுவாக நுழையும், விசிறிக்குப் பாரம் தெரியாது.

இரண்டு குறிப்பு. வடிகட்டியின் ஓரத்தில் ஒரு அம்புக்குறி இருக்கும், அது பெட்டிக்கு உள்ளே பார்க்க வேண்டும். விசிறியின் நான்கு மூலைகளையும் மறைத்து, நடுவில் இறக்கை அளவுக்கு வட்ட ஓட்டை விட்ட அட்டை ஒன்றை மேலே ஒட்டுங்கள். அது இல்லாவிட்டால் மூலைகள் வழியாகக் காற்று உள்ளே திரும்பிவிடும். ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் மூலையில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். ஒட்டுவதற்கு முன் உள்ளே இழுக்கும், ஒட்டிய பின் சும்மா நிற்கும்.

வட்டரம்பம்:

வெந்நீர்க் கருவி விஷயம் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம்தான். இன்றைக்கு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி மாட்டிவிட்டேன். பட்டறைக் கதவிடுக்கிலும் ரப்பர் பட்டை ஒட்டினேன். சொன்னதற்கு நன்றி.

புதுத்தச்சன்:

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதிலேயே போனது. பழைய ஸ்க்ரூக்களில் ஒன்றைக் கையாலேயே பிடுங்க முடிந்தது. மின்கம்பி அண்ணே, நீங்கள் எழுதியிராவிட்டால் நான் அதே மாதிரிதான் மறுபடியும் போட்டிருப்பேன்.

தம்பியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, நீளச் சுவரோடு, ஏழு அடி தள்ளி மாட்டினேன். ஓட விட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றினேன். நீளச் சுவரோடு புகை நேராக ஓடியது. கடைசியில் இருக்கும் பலகை அடுக்கின் பக்கம் போனதும் திரும்பி, எதிர்ச் சுவரோடு மெதுவாக வந்தது. ஒரு இடத்தில் மட்டும், பேண்ட் சாவுக்குப் பின்னால், புகை நேராக மேலே எழுந்து நின்றது. அங்கே காற்றே போகவில்லை. நடுவில் ஒரு உயரமான அலமாரி தடுத்துக்கொண்டிருந்தது. அலமாரியை ஒன்றரை அடி நகர்த்தினேன், அங்கேயும் புகை சாய ஆரம்பித்தது.

அப்புறம் அதே எம்.டி.எஃப்., அதே துணிப்பை, அதே பத்து நிமிடம். 480-இல் தொடங்கியது ஆறாவது நிமிடத்தில் பாதியானது. அரை மணியில் 30. வேலை தொடங்கும் முன் அறையில் இருந்ததே 18தான். இயந்திரம் அதேதான், வேகமும் அதேதான்.

கடைசியாகப் புது உப்புத்தாள், வேக்குவம் குழாயோடு ஒருமுறை. மீட்டர் 60-ஐத் தாண்டவே இல்லை. ஐயா, நீங்கள் முதலில் சாண்டரைப் பார்க்கச் சொன்னது ஏன் என்று அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. இந்த மாதிரி மீட்டர் காட்டும் எண் மரத்தூளுக்கு அச்சாகச் சரியாக இருக்காது என்று தெரியும். ஆனால் ஒரே மீட்டரில் முன்னும் பின்னும் பார்க்க இது போதும்.

மேசையில் இன்னும் கோடு விழுகிறது. அதை இப்போது துடைப்பத்தால் தள்ளாமல் வேக்குவத்தால் எடுக்கிறேன். பெருக்கினால் மீட்டர் எப்படி ஏறுகிறது என்று பார்த்துவிட்டேன்.

உளியும்கையும்:

நல்லது தம்பி. மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

இரண்டு விஷயம் மறக்காதீர்கள். வேலை முடிந்ததும் ஏர் கிளீனரை அணைத்துவிட்டுப் போகாதீர்கள், இன்னொரு அரை மணி, ஒரு மணி ஓடட்டும். உங்கள் பெட்டியில் டைமர் இருந்தால் அதற்காகத்தான். நீங்களும் அந்த நேரத்தில் வெளியே இருங்கள். முகக்கவசத்தை ரம்பம் நின்றதும் கழற்றுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. என்95 தரமாவது இருக்கட்டும், மூக்குப் பட்டியை அழுத்திப் பொருத்துங்கள். தாடி இருந்தால் ஓரம் வழியாகக் காற்று வரும்.

அடுத்தது பாலிஷ். வார்னிஷ் அடிப்பதற்கு முன்பு ஒரு மணி நேரம் ஓட்டி, அறையைச் சுத்தமாக்கி, அணைத்துவிட்டு அடியுங்கள். காயும்போது ஓடினால் தூளைக் கொண்டுவந்து ஈரத்தின் மேல் ஒட்டும். தின்னர் கலந்ததை ஸ்ப்ரே செய்யும்போது கண்டிப்பாக ஓடக் கூடாது. அந்த ஆவியை இந்த வடிகட்டி பிடிக்காது, மோட்டார் பொறியில் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. அதற்குத் திறந்த வெளிதான்.

புதுத்தச்சன்:

சரி ஐயா. ஒரே ஒரு கேள்வி மிச்சம். வடிகட்டியை எப்போது மாற்றுவது? வெளி வடிகட்டி இப்போதே பழுப்பாகிவிட்டது. கழுவலாமா?

இழைப்புளி:

நிறத்தைப் பார்த்து மாற்றாதீர்கள். வெளி வடிகட்டியை வாரம் ஒருமுறை வேக்குவத்தின் தூரிகை முனையால் மேலாக இழுத்துவிடுங்கள். காற்றழுத்தத்தில் ஊதுவதென்றால் வெளியே எடுத்துப்போய், சுத்தமான பக்கத்திலிருந்து, தள்ளிப் பிடித்து ஊதுங்கள். உள்ளே இருக்கும் மடிப்பு வடிகட்டியைக் கழுவவே வேண்டாம். பெரும்பாலும் அந்த இழைகளில் மின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள், நுண்தூளைப் பிடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. தண்ணீர் பட்டால் அது போய்விடும்.

எப்போது மாற்றுவது என்பதற்கு உங்கள் கையிலேயே அளவு இருக்கிறதே. புது வடிகட்டியோடு 480 பாதியாக ஆறு நிமிடம் ஆனது. மாதம் ஒருமுறை அதே சோதனையைச் செய்யுங்கள். கொஞ்சம் அடைத்த வடிகட்டி நன்றாகவே பிடிக்கும், ஆனால் காற்று குறையும், பாதியாகும் நேரம் நீளும். பத்து நிமிடத்துக்கு வந்துவிட்டால் அறை மணிக்கு நான்கைந்து முறைதான் சுற்றுகிறது என்று அர்த்தம். அப்போது மாற்றுங்கள்.

புதுத்தச்சன்:

காகித டேப்பில் "புது வடிகட்டி: 6 நிமிடம்" என்று எழுதிப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். கீழே தேதி போட இடம் விட்டிருக்கிறேன். மீட்டரை நண்பருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு எனக்கென்று ஒன்று வாங்கப் போகிறேன்.